உதிரிபாக உறவுகள் – 14: டிரெஸ்டன் கேமராவுக்குக் கீவ் வைத்தியம்

போன வாரம் லைக்காவில் நின்றோம். கேமராவுக்குக் கேமரா தனித்தனியாக அளந்து பொருத்திய லென்ஸ், லென்ஸ் வாய்க்கும் ஃபிலிமுக்கும் இடைவெளி 28.8 மில்லிமீட்டர் என்று நிலையான பிறகுதான் எந்த லைக்காவிலும் உட்கார்ந்தது. இந்த வாரம் ஷட்டர் நாடா என்று சொல்லியிருந்தேன். கான்டாக்ஸ் குறுக்கே வந்துவிட்டது.

1936-ல் டிரெஸ்டன் நகரின் ஜெய்ஸ் ஐகான் கம்பெனி கான்டாக்ஸ் 2-ஐக் கொண்டுவந்தது. ஹூபர்ட் நெர்வின் வடிவமைத்தது. படத்துக்கு எல்லை பார்ப்பதும் ஃபோகஸ் பிடிப்பதும் ஒரே ஜன்னலில். பித்தளைப் பட்டைகளைக் கோத்த ஷட்டர், மேலும் கீழுமாக ஓடும்; உச்ச வேகம் 1/1250 விநாடி. 1944-ல் நார்மண்டியில் போர்ப் புகைப்படக்காரர் ராபர்ட் காபா கையில் இருந்ததும் கான்டாக்ஸ் 2-தான்.

போர் முடிந்ததும் சோவியத் யூனியன் இழப்பீடாக இந்தக் கேமராவின் பிறப்பையே எடுத்துக்கொண்டது. அச்சு, கருவி, வரைபடம், செய்து வைத்த பாகம் எல்லாம் அதில் அடக்கம். யேனாவில் தயாரிப்பை மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்படியே கீவ் நகரின் அர்செனல் தொழிற்சாலைக்குப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். கான்டாக்ஸ் 2 அங்கே கீவ் 2 ஆனது. செலினியம் மீட்டர் சுமந்த கான்டாக்ஸ் 3, கீவ் 3. ஆரம்பகாலக் கீவ்களின் வயிற்றில் ஜெர்மன் பாகங்களே கிடக்கின்றன.

இனிமேல்தான் வேடிக்கை. சின்னச் சின்ன மாற்றங்களோடு இந்த வம்சம் 1980-கள் வரை ஓடியது. ஹிட்லர் காலத்துக் கேமராவுக்கு கோர்பச்சேவ் காலம் நெருங்கும்வரை உதிரிபாகம் தயாராகிக்கொண்டே இருந்திருக்கிறது! அதனால்தான் கான்டாக்ஸ் பழுது பார்ப்பவர்கள் ஓடாத கீவ் ஒன்றிரண்டை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள். ஃபோகஸ் பிடிக்கும் நீளக் கண்ணாடிப் பட்டகம், ஷட்டர் பாகங்கள், திருகுகள் எனப் பெரும்பாலானவை மாறும். சொருகினால் உட்காரும் என்று மட்டும் நம்பாதீர்கள். சிலதற்கு அரம் பிடிக்க வேண்டும். வாங்கும்போது கீவின் வரிசை எண்ணைப் பாருங்கள், முதல் இரண்டு இலக்கம் தயாரான வருடம். 50-களில் வந்ததற்கே என் ஓட்டு. பிற்காலத்தில் வேலைப்பாடு இளைத்துவிட்டது.

குறையையும் சேர்த்தே கொண்டுபோயிருக்கிறார்கள் என்பது தனிக் கதை. கான்டாக்ஸை இயல்பாகப் பிடித்தால் வலது கை விரல் ஃபோகஸ் ஜன்னலை மறைக்கும். விரலை மடக்கிப் பிடிக்கப் பழக வேண்டும். கீவிலும் அதே ஜன்னல், அதே இடத்தில்.

சரி, கான்டாக்ஸ் என்ற பெயரோடே 1950-ல் மேற்கு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் பிறந்த 2ஏ? பழைய 2-க்கு அதன் உள்பாகம் உதவாது. உடம்பைச் சிறுக்கவைத்து ஷட்டரையே வேறாகச் செய்துவிட்டார்கள். லென்ஸ் மாட்டும் வாய் ஒன்றுதான். ஆனாலும் போருக்கு முந்தைய 35 மி.மீ. பையோகான் லென்ஸும், அதன் சோவியத் வாரிசான ஜூபிட்டர்-12-ம் பின்பக்கம் நீண்டவை என்பதால் 2ஏ-க்குள் நுழையாது. ஊர் மாறிப் பெயர் மாறிய பங்காளி பாகம் கொடுக்கிறான், பெயரை வைத்திருக்கும் தம்பி கையை விரிக்கிறான்.

ஷட்டர் பட்டைகளைத் தாங்கும் பட்டு நாடா, அது அறுந்தால் என்ன செய்வது, எல்லாம் அடுத்த வாரம். அதுவரை ஆர்வக்கோளாறில் யாரும் கான்டாக்ஸின் மேல்மூடியைக் கழற்ற வேண்டாம். அந்த நீளக் கண்ணாடி கீழே விழுந்தால் கீவ் தேடி அலைய வேண்டிவரும்.

(தொடரும்)