ஆற்றில் விழுந்த செல்போனை அரிசிப் பானையில் போடாதீர்!

தண்ணீர் பாதி கொல்கிறது. சார்ஜர் மீதியைக் கொல்கிறது
கம்பம் பள்ளத்தாக்கு செல் கடைகளில் மழைக்காலக் காட்சி

தேனி—

"அண்ணே, இது பொழைக்குமாண்ணே?"

துண்டில் சுற்றிக் கொண்டுவந்த செல்போனை மேஜைமேல் வைத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் டாக்டர் முகத்தைப் பார்ப்பதுபோலக் கடைக்காரர் முகத்தைப் பார்க்கிறார் அந்தப் பெண். ஏலத்தோட்டக் கூலி. தினமும் இருட்டோடு எழுந்து, ஜீப் ஏறிக் குமுளி மலைக்குப் போய் வருகிறவர்.

"எப்பம்மா நனைஞ்சது?"

"முந்தாநாளு. தோட்டத்துல மழைண்ணே. இடுப்புலதான் சொருகியிருந்தேன்."

"நனைஞ்சதும் என்ன செஞ்ச?"

"லைட்டு எரியலை. சார்ஜ் இல்லையோன்னு ராத்திரி பூரா சார்ஜர்ல போட்டு வச்சேன்."

கடைக்காரர் உதட்டைப் பிதுக்குகிறார்.

கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி, தேனி என்று மழை பிடித்துக்கொண்டால் எந்த ஊர் செல் கடையிலும் இதே பேச்சுதான். ஆள் மாறுவார்கள், பேச்சு மாறாது. "பொழைக்குமா?" என்பது முதல் கேள்வி. "எவ்வளவு ஆகும்?" என்பது இரண்டாவது. "தவணை இன்னும் முடியலையே!" என்பது கேள்வி அல்ல, புலம்பல்.

விழாத இடம் இல்லை!

தண்ணீருக்குப் பஞ்சமில்லாத சீமை இது. 1895-ல் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக லோயர் கேம்ப்பில் இறங்கி, பள்ளத்தாக்கு முழுக்க ஓடி, வைகையில் கலக்கிறது. ஆறு, வாய்க்கால், வயல், கிணறு, அருவி என்று எல்லா இடத்திலும் செல்போன் விழுகிறது.

சுருளி அருவிக்கு ஆடி அமாவாசை, தை அமாவாசையில் கூட்டம் அலைமோதும். ஒரு கையில் பிள்ளை, இன்னொரு கையில் செல்போன். பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவியில் வழுக்குப் பாறை. வீரபாண்டி கௌமாரியம்மன் கோவில் சித்திரைத் திருவிழாவில் முல்லை ஆற்றில் முழுக்கு. நாற்று நடுகிறவருக்கு வயல் சேறு. இதெல்லாம் சொல்லிக்கொள்ளக்கூடிய இடங்கள். வெளியே சொல்லக் கூசுகிற இடம் ஒன்றும் உண்டு. அதில் விழுந்ததைக் கொண்டுவருகிறவர்கள், "வாளித் தண்ணியில விழுந்துருச்சு" என்றுதான் சொல்வார்கள். கடைக்காரரும் மேற்கொண்டு கேட்பதில்லை!

திராட்சைத் தோட்டக்காரர் பாடு இன்னும் மோசம். கொடிக்கு நோய் வராமல் அடிக்கிற மயில்துத்தம், சுண்ணாம்புக் கலவைத் தொட்டியைக் குனிந்து கலக்கும்போது, சட்டைப் பையிலிருந்து செல்போன் நழுவி உள்ளே போய்விடுகிறது. மழைத் தண்ணீரில் நனைந்ததைவிட இது பல மடங்கு ஆபத்து. காரணம் இருக்கிறது.

உள்ளே நடப்பது என்ன?

சுத்தமான தண்ணீரில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது. ஆனால் ஆற்றிலும் கிணற்றிலும் ஓடுவது சுத்தமான தண்ணீர் அல்ல. உப்பு கரைந்திருக்கிறது. உப்பு கூடக்கூட மின்சாரம் தாராளமாகப் பாயும். கடல் தண்ணீர், சோப்புத் தண்ணீர், சாம்பார், மருந்துக் கலவை எல்லாம் அந்த வகை.

செல்போனின் உயிர்நாடி அதன் 'போர்டு'. எறும்பு தலையைவிடச் சின்னச் சின்னப் பாகங்கள் நெருக்கி அடித்து உட்கார்ந்திருக்கும். பேட்டரியில் மின்சாரம் இருக்கும்போது இடையில் தண்ணீர் புகுந்தால், போகக்கூடாத வழியில் மின்சாரம் போகிறது. ஒரு பொட்டுப் பாகம் கருகுகிறது. கடைக்காரர்கள் இதைத்தான் 'ஷார்ட்' என்கிறார்கள்.

அது தப்பினாலும் அடுத்த எமன் காத்திருக்கிறான். தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்தால் உலோகம் அரிக்கிறது. செம்பு பச்சை பூக்கிறது. பழைய பித்தளைச் சொம்பில் பார்க்கிறோமே, அதே பச்சைதான். நனைந்த அன்று நன்றாக வேலை செய்த போன், பத்து நாள் கழித்து ஒரு காலை வேளையில் திடீரென்று கண்ணை மூடுவது இதனால்தான். "நல்லாத்தானே இருந்துச்சு" என்பார் சொந்தக்காரர். இல்லை. உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

சார்ஜர் போட்டால்? எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றியது போலத்தான். ஏலத்தோட்டப் பெண் ராத்திரி பூரா செய்தது அதுதான். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. விளக்கு எரியவில்லை என்றால் யாருக்கும் முதலில் தோன்றுவது சார்ஜர்தான்.

அரிசி வைத்தியம்

"அரிசிக்குள்ள புதைச்சு வைங்க, ஈரத்தை உறிஞ்சிரும்." இதைச் சொல்லாத வீடு இல்லை. ரேஷன் அரிசியா, பொன்னி அரிசியா என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்களும் உண்டு.

அரிசி கொஞ்சம் ஈரத்தை இழுக்கும் என்பது உண்மை. ஆனால் மூடிக்கிடக்கிற போனுக்குள் போர்டு அடியில் தங்கிய தண்ணீரை, வெளியே கிடக்கிற அரிசி எப்படி இழுக்கும்? காற்றாடத் திறந்த இடத்தில் வைத்திருந்தாலே அதைவிட மேல். அரிசியின் மாவும் தூசியும் சார்ஜர் ஓட்டைக்குள் போய், ஈரத்தோடு சேர்ந்து பசையாகிவிடுவதுதான் மிச்சம். ஐபோன் தயாரிக்கும் ஆப்பிள் கம்பெனியே 2024-ல் அரிசிப் பைக்குள் போடாதீர்கள், சின்னத் துகள்கள் போனைக் கெடுக்கும் என்று எச்சரித்தது.

அரிசியால் வரும் பெரிய நஷ்டம் நேரம். இரண்டு நாள் அரிசியில் கிடக்கிறபோது, உள்ளே பச்சை பூக்கிறது. அதற்குப் பிறகுதான் கடைக்கு வருகிறார்கள்.

அடுப்பு ஓரத்தில் வைப்பது, தலை காயவைக்கிற மெஷினால் ஊதுவது, பைக் சீட்டில் வெயிலில் போடுவது எல்லாம் வேண்டாத வேலை. உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. சூடு ஆகாது. பேட்டரி உப்பி, பின் மூடி தூக்கிக்கொண்டிருந்தால் அதை அமுக்கவோ குத்தவோ கூடாது; தீப்பிடிக்கும்.

அப்படியானால் என்ன செய்வது?

வெளியே எடுத்த கையோடு அணைத்துவிட வேண்டும். "வேலை செய்யுதான்னு ஒரு தடவை பார்த்துடுவோம்" என்கிற ஆசைதான் பாதிப் போன்களைக் கொல்கிறது. பேட்டரி கழற்றக்கூடிய பழைய பட்டன் போன் என்றால் உடனே கழற்றிவிடலாம். இப்போது வரும் போன்களில் அது முடியாது. அணைத்துவிட்டு உறையைக் கழற்றி, சிம் டிரேயை வெளியே இழுத்து, துணியால் துடைத்து, சார்ஜர் ஓட்டை கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்ட வேண்டும். உதறக்கூடாது. உதறினால் தண்ணீர் இன்னும் உள்ளே ஓடும். ஓட்டைக்குள் பஞ்சையும் குச்சியையும் விட்டுக் குடைவதும் கூடாது.

பிறகு கடை. நல்ல கடைக்காரர் போனைப் பிரித்து, பேட்டரி இணைப்பை முதலில் எடுத்துவிடுவார். போர்டைத் தனியாகக் கழற்றி, 'ஐ.பி.ஏ.' என்று அவர்கள் சொல்கிற ஸ்பிரிட்டில் பிரஷ் போட்டுக் கழுவுவார். ஸ்பிரிட் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு சீக்கிரம் ஆவியாகிவிடும். அதிர்வில் அழுக்கு எடுக்கிற மெஷின் வைத்திருக்கிற கடைகளும் உண்டு. அன்றே வந்தால் பெரும்பாலும் கழுவிக் காயவைப்பதோடு முடியும். நாலு நாள் கழித்து வந்தால் டிஸ்பிளே, சார்ஜிங் போர்டு என்று பில் நீளும்.

எதில் விழுந்தது என்பதை மட்டும் மறைக்கக்கூடாது. மருந்துத் தொட்டியில் விழுந்ததை மழை என்று சொன்னால், கழுவுகிற பக்குவம் மாறிவிடும்.

கம்பெனி சர்வீஸ் சென்டரிலோ, மறைக்கவே முடியாது! பல போன்களில் சிம் நுழைகிற இடத்திலோ உள்ளேயோ ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு ஒட்டியிருக்கும். தண்ணீர் பட்டால் அது சிவந்துவிடும். பொட்டு சிவந்திருந்தால், "வாரண்டி கிடையாது" என்று கையை விரித்துவிடுவார்கள்.

'வாட்டர் புரூப்' பேச்சு

"இது வாட்டர் புரூப் போன்ணே. விளம்பரத்தில் நீச்சல் குளத்தில் போடுறாங்களே!"

'ஐ.பி. 67' என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் வரை தாங்கும் என்று கணக்கு. '68' என்றால் அதற்கு மேல், கம்பெனி சொல்கிற ஆழம். ஆனால் இதெல்லாம் பரிசோதனைச் சாலையில், அசையாத நல்ல தண்ணீரில், புத்தம் புது போனை வைத்துப் பார்த்த கணக்கு. பாறை மேலிருந்து கொட்டுகிற சுருளித் தண்ணீருக்கு அந்தக் கணக்கு செல்லாது. நாலு தடவை கீழே விழுந்து, ஒரு தடவை டிஸ்பிளே மாற்றிய போனில் பசை விட்டிருக்கும். அதன் பிறகு 68-ம் இல்லை, 67-ம் இல்லை.

வெளிநாட்டில் இதற்குச் சூடு கிடைத்திருக்கிறது. இத்தாலியில் 2020-ல் இப்படிப்பட்ட விளம்பரத்துக்காக ஆப்பிள் கம்பெனிக்கு ஒரு கோடி யூரோ அபராதம். ஆஸ்திரேலியாவில் 2022-ல் சாம்சங் கம்பெனிக்கு 1 கோடியே 40 லட்சம் டாலர் அபராதம். குளத்திலும் கடலிலும் போனை முக்குவதுபோல விளம்பரம் போட்டார்கள். ஈரத்தோடு சார்ஜ் போட்டால் ஓட்டை அரித்துவிடும் என்பதைச் சொல்லவில்லை.

அணையை இறைத்த அதிகாரி!

செல்போன் பைத்தியம் எந்த எல்லைக்குப் போகும் என்பதற்கு, 2023 மே மாதம் சத்தீஸ்கர் மாநிலம் காங்கேர் மாவட்டத்தில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது.

உணவுத் துறை ஆய்வாளர் ஒருவர் நண்பர்களோடு அணைக்கட்டுக்கு உல்லாசமாகப் போனார். செல்பி எடுக்கும்போது, சுமார் ஒரு லட்ச ரூபாய் போன் தண்ணீரில் விழுந்தது. ஊர்க்காரர்கள் முங்கிப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. வந்தது டீசல் பம்பு! மூன்று நாள் இறைத்தார்கள். லட்சக்கணக்கான லிட்டர் தண்ணீர் போனது. 1,500 ஏக்கர் பாசனத்துக்குக் காணுகிற தண்ணீர் என்று அப்போது செய்திகள் வந்தன. "போனில் அரசாங்க ரகசியம் இருந்தது" என்றார் அதிகாரி. அது உபயோகமில்லாத தண்ணீர் என்றும் சொல்லிப் பார்த்தார். வேலையிலிருந்து சஸ்பெண்ட் ஆனார்.

போன் கிடைத்ததா? கிடைத்தது. வேலை செய்ததா? இல்லை!

பெரியாறு அணையில் 142 அடியா, 136 அடியா என்று வருஷக்கணக்காகக் கோர்ட்டு வாசல் பார்த்த கம்பம் விவசாயியிடம் இந்தக் கதையைச் சொன்னால், சிரிப்பாரா, அடிக்க வருவாரா தெரியாது.

போனா? போனுக்குள் இருப்பதா?

அதிகாரிக்கு ரகசியம். கூலிக்காரருக்கு? பேங்கில் பணம் எடுத்தால் அதில்தான் நம்பர் வருகிறது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற பையனும் நம்பர் கேட்கிறான். நாளைக்கு ஜீப் எத்தனை மணிக்கு, எந்தத் தோட்டம் என்பதும் அதில்தான் வருகிறது. போன் செத்தால் மறுநாள் கூலியும் சந்தேகம்.

இதில் ஒரு ஆறுதல். சிம் கார்டு சுலபத்தில் சாகாது. துடைத்துக் காயவைத்து வேறு போனில் போட்டால் பெரும்பாலும் பேசும். தனி மெமரி கார்டும் அப்படியே. ஆனால் போனின் உள் நினைவில் இருக்கிற படங்கள் அப்படி இல்லை. இப்போதைய போன்கள் அவற்றைப் பூட்டிப் பத்திரப்படுத்துகின்றன. சாவி அந்தப் போர்டிலேயே இருக்கிறது. போர்டு உயிர் பெறாவிட்டால் படமும் இல்லை.

வெள்ளத்தோடு போய்விட்டால் பின்னால் பாய வேண்டாம். அருவியில் வெள்ளம் வந்தால் வனத்துறை குளிக்கத் தடை போடுவது விளையாட்டுக்கு அல்ல. போலீசில் புகார் கொடுத்து, 2023-ல் மத்திய அரசு தொடங்கிய 'சஞ்சார் சாத்தி' மூலம் அந்தப் போனை முடக்கலாம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் 15 இலக்க எண் வேண்டும். பெட்டியைக் கடாசிவிட்டுப் பிறகு தேடுகிறவர்கள்தான் அதிகம்.

ரிப்பேருக்குக் கொடுக்கும்போது சிம்மைக் கழற்றிக்கொண்டு கொடுப்பதும், ரசீது வாங்குவதும் நல்லது. தண்ணீர் சேதத்துக்கென்று தனியாகப் பணம் கட்டி இன்சூரன்ஸ் எடுத்தவர்கள், கம்பெனி இழுத்தடித்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை.

ஏலத்தோட்டப் பெண்ணின் போனைப் பிரித்தாயிற்று. போர்டில் பச்சை. கடைக்காரர் பிரஷ் போட்டுக் கழுவுகிறார். சார்ஜர் பக்கம் கருகியிருக்கிறது. டிஸ்பிளேயிலும் தண்ணீர்.

"நாளைக்குச் சாயந்திரம் வாம்மா. சத்தியமாச் சொல்ல முடியாது."

சிம்மைத் துடைத்து, மேஜை டிராயரில் கிடந்த பட்டன் போன் ஒன்றில் போட்டுக் கொடுக்கிறார். "இதை வச்சுக்கோ. திருப்பிக் கொண்டாந்துரு."

பட்டன் போன் உடனே கூப்பிடுகிறது. ஜீப் டிரைவர். காலையில் நாலரை மணிக்கு வண்டியாம்.