டைல்ஸ் ஏன் விழுந்தது?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். நம் கல்லூரியில் கவிஞர்களுக்குப் பஞ்சமில்லை. அதனால் எனக்குத் தெரிந்த விஷயத்தையே எழுதுகிறேன். என் அப்பா மதுரைப் பக்கம் இருபது வருஷமாக டைல்ஸ் வேலை பார்ப்பவர். அம்மா அவருக்குச் சித்தாள். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டி வந்தவள் நான் ஒருத்திதான்.

சென்ற வருடம் ஒரு புது வீட்டுக் குளியலறைச் சுவருக்கு அப்பா டைல்ஸ் பதித்தார். ஐந்தாம் மாதம் ஒரு ராத்திரி பதினொரு டைல்ஸ் ஒரே வரிசையாகப் பெயர்ந்து விழுந்துவிட்டது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. வீட்டுக்காரர் பாக்கிக் கூலியைத் தரவில்லை. அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "சிமெண்டைக் குறைச்சிருப்பீங்க" என்றும் சொல்லிவிட்டார். கலவை போட்டது அம்மா. அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

உண்மையில் சிமெண்ட் கொஞ்சமும் குறையவில்லை. டைல்ஸின் முதுகில் நெய்ச் சிமெண்டைக் கெட்டியாகத் தடவித்தான் அப்பா பதித்திருந்தார். விழுந்த டைல்ஸை எடுத்துப் பார்த்தால் முதுகு கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. சிமெண்ட் முழுக்கச் சுவரிலேயே நின்றுவிட்டது. இதுதான் என் மூளையைக் குடைந்தது.

அந்த மாதமே எங்களுக்கு மெட்டீரியல் டெஸ்டிங் லேபில் நீர் உறிஞ்சும் சோதனை வந்தது. ஆசிரியரிடம் கேட்டு, வீட்டிலிருந்து இரண்டு துண்டுகள் கொண்டுபோனேன். ஒன்று அப்பா பழைய காலத்தில் பதித்த செராமிக் டைல்ஸ். மற்றது விழுந்ததே, அந்த விட்ரிஃபைடு. இரண்டையும் அடுப்பில் காயவைத்து எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் போட்டு, துடைத்து மறுபடி எடை போட்டேன். 400 கிராம் செராமிக் 456 கிராம் ஆகியிருந்தது. 500 கிராம் விட்ரிஃபைடு 501 கிராம். அதாவது ஒன்று 14 சதவீதம் தண்ணீர் குடிக்கிறது, இன்னொன்று 0.2 சதவீதம்கூடத் தாண்டவில்லை. விட்ரிஃபைடு என்றாலே 0.5 சதவீதத்துக்கு மேல் குடிக்கக்கூடாது என்பதுதான் கணக்கு.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. செராமிக்கின் முதுகில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். சிமெண்ட் பால் அதற்குள் போய் இறுகி, வேர் பிடித்த மாதிரி பிடித்துக்கொள்ளும். டைல்ஸைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பதிப்பதுகூட, அது கலவையின் தண்ணீரை ஒரேயடியாக உறிஞ்சிவிடக் கூடாது என்பதற்காகத்தான். விட்ரிஃபைடில் வேர் பிடிக்க இடமே இல்லை. போதாக்குறைக்கு நெய்ச் சிமெண்ட் காயக் காயச் சுருங்கும். எடையும் வேறு. பழைய 8 அங்குலம், 12 அங்குலம் செராமிக் ஒன்று முக்கால் கிலோ இருக்கும். 2 அடிக்கு 1 அடி விட்ரிஃபைடு ஏறக்குறைய நாலு கிலோ. அப்பாவின் கை மாறவில்லை, டைல்ஸ் மாறிவிட்டது. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை, கடைக்காரர் உட்பட.

டைல்ஸ் பசை என்று விற்கிறார்களே, அதிலும் இருப்பது சிமெண்டும் சலித்த மணலும்தான். கூடவே பாலிமர் பொடி கலந்திருக்கும். வழவழப்பான முதுகிலும் ஒட்டுவது அந்தப் பொடியின் வேலை. வெயிலில் டைல்ஸ் நீண்டு சுருங்கும்போது கொஞ்சம் இளகிக் கொடுப்பதும் அதனால்தான். இதற்கு ஐ.எஸ். 15477 என்று ஒரு தரக்குறிப்பு உண்டு. 2019-இல் திருத்தப்பட்டது. டைப் 1 முதல் டைப் 5 வரை பிரித்திருக்கிறார்கள். சாதாரண செராமிக்கைத் தரையில் பதிக்க டைப் 1 போதும். விட்ரிஃபைடு என்றால் டைப் 2-க்குக் கீழே இறங்காதீர்கள். கண்ணாடி டைல்ஸ், உலோகத் தளம் போன்றவற்றுக்கு டைப் 5. பையில் இந்த எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

இதை எல்லாம் வீட்டில் சொன்னதும் அப்பா கேட்ட கேள்வி, "இருபது கிலோ பைக்கு ஒரு மூட்டை சிமெண்ட் விலையா, தாயி?" நியாயமான கேள்விதான். 3 மில்லிமீட்டர் கனத்துக்குத் தடவினால் அந்தப் பை 40 முதல் 50 சதுர அடி வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். பேசாமல் இருந்தார்.

போன தை மாதம் எங்கள் வீட்டிலேயே முதன்முதலாக ஒரு குளியலறை கட்டினோம். ஊருக்கெல்லாம் டைல்ஸ் பதித்தவர் வீட்டில் அதுவரை தென்னந்தட்டி மறைப்புதான். அங்கேதான் பசையைப் போட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

பசையைப் பற்றி நான் படித்தேன். சுவரைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தது அப்பாதான். பழைய முறையில் சுவர் கோணலாக இருந்தாலும் பின்னால் கலவையைக் கூட்டிக் குறைத்துச் சரிபண்ணிவிடலாம். பசையில் அது நடக்காது. எனவே தூக்குகுண்டு, ரசமட்டம், மட்டப்பலகை வேலையெல்லாம் பூச்சிலேயே முடிந்துவிட வேண்டும். ஆறடி மட்டப்பலகையை வைத்து, இடையில் 3 மில்லிமீட்டருக்கு மேல் சந்து தெரிந்த இடத்தை எல்லாம் அப்பா மறுபடி பூசினார். பூச்சைச் சிமெண்ட் பால் போட்டு வழவழவென்று தேய்க்கவில்லை, சொரசொரப்பாகவே விட்டார். ஏழு நாள் தண்ணீர் காட்டி, பிறகு மூன்று வாரம் காயவிட்டோம். நான் அவசரப்பட்டேன். அவர் அசையவில்லை.

தரையிலும் சுவரின் கீழ்ப்பகுதியிலும் சிமெண்டோடு கலக்கும் நீர்த்தடுப்புப் பூச்சு அடித்தோம். (தார் பூசிய இடத்தில் டைல்ஸ் பசை பிடிக்காது, கவனம்.) வடிகாலை அடைத்துத் தண்ணீர் நிறுத்தி ஒரு நாள் பார்த்தோம். அப்புறம் சுவரை உள்ளங்கையால் தடவச் சொன்னார். கையில் வெள்ளையாகத் தூசி ஒட்டியது. "இந்தத் தூசிமேல ஒட்டினா, தூசிதான் ஒட்டிக்கிட்டு நிக்கும்" என்றார். ஈரத் துணியால் இரண்டு முறை துடைத்தோம். டைல்ஸின் முதுகிலும் சூளையில் ஒட்டிய வெள்ளைப்பொடி இருக்கும், அதையும் துடைக்க வேண்டும். பசைக்கு டைல்ஸை ஊறப்போடக் கூடாது.

பசையைக் குழைத்து ஐந்து நிமிடம் வைத்து மறுபடி கிளறினோம். பல் கரணையால் ஒரே திசையில் கோடு கோடாக இழுக்க வேண்டும். டைல்ஸின் முதுகிலும் மெல்லிசாக ஒரு தடவல். நாலு மூலைக்கும் நடுவுக்கும் உருண்டை உருண்டையாக வைத்து ஒட்டுகிற பழக்கம் பல இடத்தில் இருக்கிறது. உள்ளே காலியாகிற இடத்தில் தண்ணீர் தேங்கும், குழாய்க்குத் துளை போட்டால் அங்கேதான் விரிசல் விழும். சந்தேகமிருந்தால் பதித்த ஒன்றை உடனே பெயர்த்துப் பாருங்கள். குளியலறை மாதிரி ஈர இடத்தில் முதுகு முழுக்கப் பசை பிடித்திருக்க வேண்டும். சுவரில் தடவிய பசை இருபது நிமிடத்தில் மேலே ஆடை கட்டிவிடும், மதுரை வெயிலில் அதற்கு முன்பே. விரலில் ஒட்டவில்லை என்றால் சுரண்டி எறிய வேண்டியதுதான். மறுபடி தண்ணீர் விட்டுக் குழைப்பது கூடவே கூடாது. இடையில் 2 மில்லிமீட்டர் சந்து விட்டு, மறுநாள் கிரவுட் போட்டோம்.

ஆறு மாதம் கழித்து அப்பா ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிப் பார்த்தார். எல்லாம் கெட்டிச் சத்தம். கதவோரம், மூன்றாம் வரிசையில் மட்டும் ஒன்று டொக் டொக் என்றது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்த ஒன்றை, ஆசைக்கு நான் பதித்திருந்தேன்.