தொலைவறியாத் தரவுக்கோப்பு

மைக்ரோசாஃப்ட் 1992இல் வெளியிட்ட ஆக்சஸ், தரவுத்தளத்தைச் சிறு அலுவலகங்களின் கைக்கெட்டும் கருவியாக்கியது. பலர் பயன்படுத்தும் இடங்களில் அதனை இரு கூறாகப் பிரிப்பர். அட்டவணைகளைத் தாங்கும் பின்முனைக் கோப்பு பொதுக் கணினியில் இருக்கும்; படிவம், வினவல், அறிக்கை அடங்கிய முன்முனைக் கோப்பின் படி அவரவர் கணினியில் இருக்கும். ஒரே கட்டடத்துக்குள் இது அருமையான ஏற்பாடு. வேற்றூர்க் கிளையினர் வி.பி.என். வழியே அதே பின்முனையைத் திறக்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

இணைய வேகம் போதாது என்பதே முதலில் எழும் குறை. மெய்க்காரணம் வேறு. ஆக்சஸின் தரவுப்பொறி பொதுக் கணினியில் இயங்குவதில்லை. பயனரின் கணினியில் இயங்குகிறது. பொதுக் கணினி கேட்ட பைட்டுகளை எடுத்துக் கொடுப்பதோடு சரி. யாருடைய கணக்கு தேடப்படுகிறது என்பதுகூட அதற்குத் தெரியாது. பொறி 4 கிலோபைட் கொண்ட பக்கம் ஒன்றை வரவழைத்து, அதிலுள்ள சுட்டுவரிசையைப் படித்த பின்னரே அடுத்து எப்பக்கம் வேண்டும் என அறிகிறது. கேட்டுப் பெறும் ஒரு முறைக்கு அலுவலக வலையில் அரை மில்லிநொடியும், ஊர்விட்டு ஊர் செல்லும் வலையில் 40 மில்லிநொடியும் ஆவதாகக் கொள்வோம். ஆயிரம் முறை கேட்டால் அங்கே அரை நொடி, இங்கே 40 நொடி! இணைப்பைப் பத்து மடங்கு விரிவாக்கினாலும் இக்காத்திருப்பு பெரிதாகக் குறையாது. கண்ணாடி இழையில் ஒளியின் வேகமே நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர்தான்.

தாமதத்தையேனும் பொறுக்கலாம், சிதைவைப் பொறுக்க இயலாது. ஒரு பதிவைச் சேமிக்கையில் தரவுப் பக்கமும் சுட்டுவரிசைப் பக்கமும் மாறுகின்றன. இரண்டிற்கும் இடையே இணைப்பு அறுந்தால் கோப்பு முன்னுக்குப்பின் முரணாகிவிடும். திறந்திருக்கும் பின்முனையின் அருகே அதே பெயரில் ஒரு பூட்டுக்கோப்பு தோன்றும். ஒவ்வொரு பயனருக்கும் 64 பைட்டுகள் ஒதுக்கி, கணினிப் பெயரை அது குறித்து வைக்கிறது. கடைசிப் பயனர் முறையாக வெளியேறினால் அது மறையும். எவரும் இல்லாத வேளையிலும் அது எஞ்சியிருந்தால், பெரும்பாலும் இணைப்பறுந்த யாரோ ஒருவரின் தடம் அது. ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் போன்ற ஒத்திசைவுக் கோப்புறையில் பின்முனையை வைப்பது இதனினும் தீது. அங்கே ஊருக்கொரு படி உருவாகும். ஒருவர் படிக்கு மற்றவர் பூட்டு புலப்படாது.

ஆகவே, தரவை நோக்கிப் பொறி செல்லவேண்டும். ரிமோட் டெஸ்க்டாப் அமைத்தால் முன்முனையும் பின்முனையும் ஒரே வலைக்குள் இயங்கும்; தொலைவில் உள்ளவருக்குத் திரைக்காட்சியும் விசையழுத்தமும் மட்டும் பயணிக்கும். நிரலைத் திருத்தாமல் விரைவில் கரையேற இதுவே நல்வழி. நெடுநாளைக்கு எனில், அட்டவணைகளை எஸ்.கியூ.எல். சர்வருக்கு மாற்றி, ஆக்சஸை முன்முனையாக மட்டும் வைத்துக்கொள்வது மேல். அப்போது தேடல் வழங்கியிலேயே நடந்து, விடை மட்டும் திரும்பும். மாற்றியவுடன் எல்லாம் விரைந்துவிடும் என எண்ணவேண்டாம். திறந்ததும் அட்டவணை முழுவதையும் இழுக்கும் படிவம் அங்கும் இழுக்கவே செய்யும். முதலில் வாடிக்கையாளர் எண்ணைக் கேட்டு, அவ்வொரு பதிவை மட்டும் கொணருமாறு படிவங்களை ஒவ்வொன்றாகத் திருத்தவேண்டும். இப்பணியில் பெரும்பொழுது கழிவது அதற்கே.