தங்கம் ஜெயித்த கேப்டனை அடுத்த தொடரிலேயே நீக்கியது ஏன்? தன்ராஜ் பிள்ளை கதையும், காரைக்கால் பசங்களுக்கான கேள்வியும்

1998 டிசம்பர், பாங்காக். ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஹாக்கி இறுதி ஆட்டம். தென் கொரியாவுடன் 1-1 என்று சமனாகி, ஆட்டம் பெனால்டி ஸ்ட்ரோக்குக்குப் போனது. கோல் கீப்பர் ஆஷிஷ் பல்லால் தடுத்து நிறுத்த, தங்கம் இந்தியாவுக்கு வந்தது. 1966-க்குப் பிறகு, 32 வருஷம் கழித்துக் கிடைத்த தங்கம். கேப்டன், ஃபார்வர்டு வீரர் தன்ராஜ் பிள்ளை.

அடுத்த தொடருக்கான அணிப் பட்டியல் வெளியானது. அதில் தன்ராஜ் பெயர் இல்லை. பல்லால் பெயரும் இல்லை. தன்ராஜோடு சேர்த்து ஏழு சீனியர்கள் வெளியே. பயிற்சியாளர் எம்.கே. கௌஷிக்கும் பதவியில் நீடிக்கவில்லை.

காரைக்கால் மாதிரி ஒரு ஊரில் பையன் ஹாக்கி ஸ்டிக்கைக் கையில் எடுத்தால், வீட்டில் முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான்: "இதுல சோறு கிடைக்குமா?" இதற்குப் பதில் தேடுகிறவர்கள் தன்ராஜின் கதையை ஒருமுறை முழுசாகப் பார்த்துவிடுவது நல்லது.

யார் இந்த தன்ராஜ்?

1968-ல் புனே அருகே கட்கியில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவுக்கு ராணுவ ஆயுதத் தொழிற்சாலையின் மைதானத்தைப் பராமரிக்கும் வேலை. புது ஸ்டிக் வாங்க வசதி இல்லை. உடைந்த ஸ்டிக்கை ஒட்டுப்போட்டு, மற்றவர்கள் தூக்கிப்போட்ட பந்தை வைத்து, மண் தரையில் ஆடிப் பழகினார்கள் அண்ணன் தம்பிகள். மூத்தவர் ரமேஷ் மும்பைக்குப் போய் இந்திய அணிவரை எட்டினார். தம்பியையும் அங்கே வரவழைத்தார். மஹிந்திரா அணியில் ஜோகிம் கார்வாலோவின் பயிற்சி கிடைத்தது.

1989-ல் டெல்லியில் நடந்த ஆசியக் கோப்பையில் சர்வதேச அறிமுகம். அதன்பிறகு 15 வருஷத்தில் 339 சர்வதேச ஆட்டங்கள். ஒலிம்பிக், உலகக் கோப்பை, சாம்பியன்ஸ் டிராபி, ஆசிய விளையாட்டு என ஒவ்வொன்றிலும் நான்கு முறை ஆடியவர். எத்தனை கோல் என்று கேட்டால்தான் சிக்கல். 170-க்கு மேல் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் அன்றைய இந்திய ஹாக்கி கூட்டமைப்பு கோல் கணக்கையே ஒழுங்காக வைத்திருக்கவில்லை. ஃபார்வர்டுக்கு கோல்தான் சம்பளச் சீட்டு. அதையே யாரும் எழுதி வைக்கவில்லை என்றால் மற்றதை நாமே யோசித்துக்கொள்ளலாம்.

சரி, ஏன் நீக்கினார்கள்?

"ஓய்வு" என்பதுதான் அதிகாரபூர்வ விளக்கம். அதை நம்பியவர்கள் குறைவு. 1998-ல் ஒரு வெளிநாட்டுப் பயணத்துக்கு முன்பே, அணிக்குத் தரும் தினப்படி ரொம்பக் குறைவு என்று கூட்டமைப்போடு மோதியிருந்தார் தன்ராஜ். மேட்ச் ஃபீஸ் தரவில்லை, வசதிகள் சரியில்லை என்றும் வெளிப்படையாகப் பேசினார். காசு கேட்டதற்கான தண்டனைதான் இது என்று பலரும் சொன்னார்கள்.

இங்கேதான் ஒரு விஷயம் புரிய வேண்டும். அன்றைக்கு இந்தியாவில் ஹாக்கி வீரருக்குத் தொழில்முறை கிளப் ஒப்பந்தம் என்று ஒன்று கிடையாது. ரயில்வே, போலீஸ், விமான நிறுவனம் என ஏதாவது ஒன்றில் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை. மாதச் சம்பளம் அங்கிருந்து. நாட்டுக்காக ஆடுவது அதற்கு மேல், கிட்டத்தட்ட சேவை மாதிரி.

வெளியே நிலைமை எப்படி? தன்ராஜ் அறிமுகமான அதே 1989-ல், கனடாவில் பிறந்த பஞ்சாபி வம்சாவளி ஃபார்வர்டு ராபின் பாவா, வட அமெரிக்காவின் என்.ஹெச்.எல். ஐஸ் ஹாக்கி லீகில் வாஷிங்டன் கேபிடல்ஸ் அணிக்காகக் களமிறங்கினார். அந்த லீகில் ஆடிய முதல் இந்திய வம்சாவளி வீரர். அவர் அங்கே ஆடியது வெறும் 61 ஆட்டம். நடுவில் சிறிய லீகுகளிலும் காலம் ஓட்டினார். ஆனால் எல்லாமே ஒப்பந்தம் போட்டு ஆடிய ஆட்டம். 339 ஆட்டம் ஆடியவரோ தினப்படிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

அதனால் தன்ராஜ் வருமானத்துக்கு வெளிநாட்டு கிளப்களைத் தேடிப் போனார். லண்டனில் இந்தியன் ஜிம்கானா, ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் கிக்கர்ஸ், பிரான்ஸில் லியோன், டாக்காவில் அபஹானி, பிறகு மலேசியா, ஹாங்காங். காரைக்கால்காரர்களுக்கு பிரான்ஸ் என்றால் சொந்தக்காரர் வீடு. தன்ராஜுக்கு அது கூலி கொடுத்த ஊர்களில் ஒன்று.

நீக்கப்பட்டவர் திரும்பி வந்தார். 1999-2000-க்கான கேல் ரத்னா விருது கிடைத்தது. சிட்னி ஒலிம்பிக்கில் போலந்துக்கு எதிராக ஜெயித்தால் அரையிறுதி. 1-0 என்று முன்னிலையில் இருந்தபோது, முடிய இரண்டு நிமிஷம்கூட இல்லாத நேரத்தில் போலந்து கோல் போட்டது. எல்லாம் போச்சு. அந்த இரவு தன்ராஜ் அழுததை ஹாக்கி ரசிகர்கள் இன்றும் பேசுவார்கள். 2003-ல் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 4-2 என்று வீழ்த்தி ஆசியக் கோப்பையை வாங்கித் தந்த கேப்டனும் அவர்தான். 2004 ஏதென்ஸோடு கதை முடிந்தது. அப்போது வயது 36. நான்கு ஒலிம்பிக், பதக்கம் ஒன்றுகூட இல்லை.

இப்போது நிலைமை மாறிவிட்டதா?

ஓரளவு. 2013-ல் தொடங்கி 2017-க்குப் பிறகு நின்றுபோன ஹாக்கி இந்தியா லீக், 2024 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. அதற்கான ஏலத்தில் ஃபார்வர்டு அபிஷேக்கை 72 லட்சம் ரூபாய்க்கு பெங்கால் அணி எடுத்தது. தமிழ்நாடு டிராகன்ஸ் என்று நமக்குப் பக்கத்திலேயே ஒரு அணி வந்தது. அரியலூரிலிருந்து போன ஃபார்வர்டு கார்த்தி செல்வம், 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராகவே முதல் கோலைப் போட்டார். ஆனால் லீக் என்பது வருஷத்தில் சில வாரம்தான், அதுவும் ஒருமுறை நின்றுபோன லீக். மற்ற மாதங்களுக்கு இன்றும் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைதான் கை கொடுக்கிறது.

அந்த வேலைக்கு, மாநில அணிக்காகத் தேசியப் போட்டியில் ஆடிய சான்றிதழ் முக்கியம். காரைக்காலுக்கு இங்கேதான் ஒரு தனிக் கணக்கு. நாகப்பட்டினம் 20 கி.மீ.தான். ஆனால் அது தமிழ்நாடு. ஹாக்கி இந்தியாவில் தமிழ்நாட்டுக்கு ஒரு சங்கம், புதுச்சேரிக்கு வேறு சங்கம். காரைக்காலில் பதிவு செய்து ஆடுகிறவர் புதுச்சேரி அணிக்குத்தான் போட்டி போடணும். ஒருவிதத்தில் இது லாபம்: 38 மாவட்டத்துப் பசங்களோடு மோதத் தேவையில்லை. நஷ்டம் தூரத்தில். தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் எல்லாம் தாண்டி 130 கி.மீ. பஸ்ஸில் போய் இறங்கி, அன்றைக்கே ஆடிக் காட்டணும். அந்த பஸ் டிக்கெட்டுக்குக் காசு யார் தருவது என்று ஒரு பையன் கேட்டால், 1998-ல் தன்ராஜ் கேட்டதும் கிட்டத்தட்ட இதையேதான்.