பத்திரம் வங்கியில்... பிள்ளை கனடாவில்!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்து வீடுகள் பலவற்றுக்கும் கதை ஒன்றுதான். 1961-ல் ஆவடியில் டேங்க் ஃபேக்டரி வந்தது. 1964-ல் அம்பத்தூர் எஸ்டேட். வேலை தேடி வெளியூர்களிலிருந்து வந்தவர்கள் அரை கிரவுண்டு மனை வாங்கி, பி.எஃப். லோன் போட்டுக் கீழ்த்தளம் கட்டினார்கள். ரிட்டயர்மென்ட் பணத்தில் மாடி எடுத்தார்கள். ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்பும் அந்தச் சுவர்களுக்குள்தான் இருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளை மேல்படிப்புக்காக வெளிநாடு கிளம்பும்போது, பிள்ளைக்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்புவது வீட்டுப் பத்திரம்!

கல்விக் கடன் ஏழரை லட்ச ரூபாயைத் தாண்டினால் பெரும்பாலான வங்கிகள் சொத்து ஜாமீன் கேட்கும். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வக்கீலின் லீகல் ஒப்பீனியன் எல்லாம் சரியாக இருந்தால் சிக்கல் இல்லை. ஆனால், இந்தப் பகுதியில் அப்ரூவல் இல்லாத மனைகள் ஏராளம். 2016 அக்டோபர் 20-க்கு முன் போடப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த அரசு வாய்ப்பு கொடுத்தும், கட்டணம் கட்டாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வங்கிக் கதவு திறப்பது கடினம். கூடுதல் வட்டி வாங்கும் தனியார் நிதி நிறுவனத்துக்குத்தான் போகவேண்டியிருக்கும்.

கடன் கைக்கு வந்ததும் 'படிச்சு முடிச்சு ஒரு வருஷம் வரைக்கும் கட்ட வேண்டாமாம்' என்று நிம்மதியாகிவிடுகிறோம். கட்ட வேண்டாம்தான், வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். 30 லட்சம், 11 சதவிகித வட்டி என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாத வட்டியே 27,500 ரூபாய். படிப்பு இரண்டு வருடம், அதன்பின் ஒரு வருடம் என மூன்று வருடம் கட்டாமல் விட்டால் தனிவட்டியே 9.9 லட்சம். கடன் கிட்டத்தட்ட 40 லட்சமாகி நிற்கும். பத்து வருடத் தவணையில் மாதம் சுமார் 41,300 கட்டியிருக்க வேண்டிய இடத்தில் சுமார் 55,000 கட்ட வேண்டும். வங்கி பணத்தைப் பகுதி பகுதியாகக் கொடுப்பதால் இந்தக் கணக்கு கொஞ்சம் குறையலாம். ஆனாலும், வட்டியையாவது மாதாமாதம் கட்ட முடியுமா என்று கையெழுத்துப் போடும் முன்பே யோசித்துவிடுவது நல்லது.

இத்துடன் போகிற நாடும் விதியை மாற்றும். கனடா போகும் மாணவர் தன் செலவுக்கென 10,000 கனடா டாலர் காட்டினால் போதும் என்றிருந்தது. 2024 ஜனவரியில் அது 20,635 ஆனது. 2025 செப்டம்பரிலிருந்து 22,895. நம் பணத்தில் சுமார் 14 லட்சம், கல்விக் கட்டணம் தனி. ஆஸ்திரேலியாவின் மாணவர் விசா கட்டணம் 2024 ஜூலைக்கு முன் 710 ஆஸ்திரேலிய டாலர். அடுத்த ஜூலைக்குள் 2,000. அமெரிக்க டாலர் 2025 டிசம்பரில் 90 ரூபாயைத் தாண்டியது. இரண்டாம் வருடக் கட்டணத்தை முதல் வருட விலையில் கணக்குப் போட்ட குடும்பங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்?

ஐ.டி.ஐ. முடித்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களின் கணக்கு வேறு. பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு ஜி.எஸ்.டி. இதற்கு மேல் லட்சக்கணக்கில் கேட்டால், நகையை அடகு வைக்கப் போகாமல் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

ரூபாய்க் கணக்கையாவது பேப்பரில் போட்டுவிடலாம். கடன் வீட்டுக்குள் செய்கிற இன்னொரு வேலை யார் கண்ணிலும் படுவதில்லை. அது பேச்சை மாற்றிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆவடியில் இட்லி வெந்துகொண்டிருக்கும்போது டொரன்டோவில் சனிக்கிழமை இரவு. வீடியோ காலில் அப்பா தன் சுகர் ரிப்போர்ட்டைப் பற்றிப் பேசமாட்டார், 'பையன் பதறிப்போய் டிக்கெட் போட்டுட்டா?' என்ற பயம். பையனும் படிப்புக்கேற்ற வேலை கிடைக்காமல் குடோனில் பெட்டி தூக்குவதைச் சொல்லமாட்டான். அம்மா 'சாப்பிட்டியாப்பா?' என்பாள், அவனும் 'சாப்பிட்டேம்மா' என்பான். பாசம் குறைந்து அல்ல, தவணைத் தேதிக்குப் பயந்துதான் இரண்டு பக்கமும் இப்படி மறைக்கிறார்கள். 'பிடிக்கலைன்னா திரும்பி வந்துடு' என்று சொல்ல அம்மாவுக்கு ஆசைதான். பத்திரம் வங்கியில் இருக்கும்போது அந்த வார்த்தை எப்படி வரும்?

விமான நிலையத்தில் வழியனுப்பும் முன்பே அந்த வார்த்தையைச் சொல்லிவிடுங்கள் என்பேன். சொல்வதற்குத் தெம்பு வேண்டுமென்றால், திரும்பி வரவும் பணம் ஒதுக்க வேண்டும். சென்னையிலிருந்து டொரன்டோவுக்கு நேரடி விமானம் கிடையாது. எங்காவது மாறித்தான் வரவேண்டும், கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். கடைசி நேர டிக்கெட் விலையைக் கேட்கவே வேண்டாம். விசா புதுப்பிக்கக் கொடுத்திருக்கும் நேரமாக இருந்தால், வந்தபின் திரும்ப நுழைய முடியுமா என்ற கவலை வேறு. ஃப்ரீஸர் பாக்ஸில் அப்பாவை வைத்துக்கொண்டு, மகன் எந்த ஊரில் விமானம் மாறிக்கொண்டிருக்கிறான் என்று போனைப் பார்த்தபடி சொந்தங்கள் உட்கார்ந்திருக்கும் நிலை நம் தெருக்களுக்கு இப்போது புதிதில்லை. அவசரத்துக்கான ஒரு டிக்கெட் பணத்தைத் தனி டெபாசிட்டாகப் போட்டு வைப்பது அபசகுனம் இல்லை.

இன்னொரு ஆளையும் மறந்துவிடுகிறோம். தம்பிக்காக வீட்டை ஜாமீன் வைக்கும்போது, அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? நாளை அந்த வீட்டில் பங்கு எதிர்பார்ப்பவள் அவள். பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு, பெற்றோரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகப் போகிறவளும் பெரும்பாலும் அவள்தான். அவளையும் உட்கார வைத்துப் பேசுங்கள்.

கடன் அடைந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. முழுப் பணத்தையும் கட்டிய 30 நாளுக்குள் அசல் பத்திரத்தை வங்கி திருப்பித் தரவேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. பத்திரம் கைக்கு வந்ததும், அடமானம் பதிவான சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வங்கி அதிகாரியோடு போய் ரத்து ரசீதையும் பதிந்துவிடுங்கள். அதைச் செய்யாவிட்டால், அடைத்து முடித்த கடன் வில்லங்கச் சான்றில் அப்படியே நிற்கும்.