நேப்பிள்ஸ் நகரத்துத் தையற்கலை

இத்தாலியின் தென்பகுதியில், வெசூவியஸ் எரிமலைக்கு அண்மையில், கடலை நோக்கி அமைந்துள்ளது நேப்பிள்ஸ் நகரம். வெயில் மிக்க அந்நகரத்துச் செல்வர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயரைப் பின்பற்றிக் கனத்த கோட்டுகளை அணிந்து வந்தனர். குளிர்நாட்டிற்கேற்ற அவ்வுடையின் தோள்களில் பஞ்சும், உள்ளே விறைப்பான துணியும் வைத்துத் தைக்கப்பட்டிருக்கும்.

1932ஆம் ஆண்டில் ஜென்னாரோ ருபினாச்சி என்பவர் அங்கு ஒரு தையலகம் நிறுவினார். 'லண்டன் ஹவுஸ்' என்பது அதன் பெயர். பெயர் ஆங்கிலமாயினும், ஆங்கிலக் கோட்டின் சுமை இறங்கியது அங்கேதான். அங்குத் துணி வெட்டுதலில் தலைவராயிருந்த வின்சென்சோ அத்தோலினி தோட்பஞ்சை நீக்கினார், உட்துணியையும் குறைத்தார். இஃது எளிய செயலன்று. தையலில் நேரும் பிழையைப் பஞ்சு மறைத்துவிடும். பஞ்சில்லையேல் பிழை பளிச்செனத் தெரியும். எனவே வேலை முழுவதும் கைத்திறனையே சார்ந்தது. கைப்பகுதியை அது பொருந்தும் துளையினும் அகலமாக வெட்டி, சிறுசிறு சுருக்கங்களாக ஒடுக்கி, ஊசியால் இணைப்பர். உடுத்தவர் கையை உயர்த்தினும் கோட்டு உடன் எழாது. மார்புப்பை சற்றே வளைந்திருக்கும்; அதற்குச் 'சிறுதோணி' எனப் பொருள்படும் பெயர் இட்டுள்ளனர்.

எத்துணை ஒடுக்குவது என்பதை அளவுகோல் கூறாது. விரலே உணர வேண்டும். ஏட்டில் அடங்காத இத்தகைய தொழில் ஒரு தலைமுறை கைவிட்டால் அழிந்துபோகும். வின்சென்சோவின் மைந்தர் செசாரே அதனைத் தந்தையிடம் கற்றார். பெயரர்களாகிய ஜுசெப்பேயும் மாசிமிலியானோவும் நேப்பிள்ஸை அடுத்த கசால்நுவோவோவில் அதனைத் தொடர்ந்தனர். ருபினாச்சியின் மைந்தர் மரியானோவும் பெயரர் லூக்காவும் தம் குடும்பத் தொழிலை விடவில்லை.