கையெழுத்துக்கு முன் கைக்கு வரவேண்டிய நகல்

ஜொகூர், குளுவாங் மாவட்டத்தில் ரயில் பாதையை ஒட்டிய சிற்றூர் லாயாங் லாயாங். சுற்றிலும் செம்பனை, ரப்பர் தோட்டங்கள். பள்ளி திறப்போ தீபாவளியோ நெருங்கினால் சம்பளம் பற்றாது. அந்த நேரம் பார்த்து விளக்குக் கம்பத்துத் துண்டுத்தாள் கண்ணில் படும்: 'உடனடிக் கடன்', கீழே ஒரு கைப்பேசி எண்.

உரிம எண் இருக்காது. அதுவே முதல் எச்சரிக்கை.

1951ஆம் ஆண்டின் கடன் கொடுப்போர் சட்டப்படி, வீடமைப்பு, ஊராட்சி அமைச்சின் உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுவது குற்றம். விளம்பரத்துக்கும் தனி அனுமதி வேண்டும். அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு, அடமானக் கடனுக்கு 12 விழுக்காடு. அதற்குமேல் வட்டி கேட்க முடியாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அடமானம் இல்லாமல் 1,000 வெள்ளியை ஓராண்டுக்கு வாங்கினால் வட்டி 180. மொத்தம் 1,180, மாதத் தவணை ஏறக்குறைய 98 வெள்ளி 33 சென். உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடும் ஆலோங்கிடம் போனால் கதை வேறு. தாளில் 1,000 என்று எழுதி, 'முன்வட்டி' பிடித்துக்கொண்டு 800ஐக் கையில் கொடுப்பார். ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்வார். சம்பள நாளில் பணத்தை எடுப்பது அவர்தான். அட்டையைப் பிடித்து வைக்க உரிமம் பெற்றவருக்கும் அனுமதி இல்லை.

கடன் தொகை, வட்டி, தவணை எல்லாம் நிரப்பப்பட்ட ஒப்பந்தத்தில்தான் கையெழுத்திட வேண்டும். அதன் விவரங்களை வழக்கறிஞர் போன்ற ஒருவர் விளக்கிச் சான்றளிக்க வேண்டும். பணம் கைமாறும் முன்பே முத்திரையிட்ட நகல் கடனாளியிடம் வந்துவிட வேண்டும். வெற்றுத்தாளில் வாங்கும் கையெழுத்து இந்தப் பாதுகாப்பு அத்தனையையும் பறித்துவிடுகிறது.

தவணையில் வாங்கிய மோட்டார் சைக்கிளுக்கு 1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டம் காவல். தொடர்ந்து இரண்டு மாதத் தவணை தவறி, 21 நாள் அறிவிப்பும் முடிந்த பிறகே வண்டியை இழுக்கலாம். 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு வேண்டும். பால்வெட்டுக்கு விடியற்காலையில் வண்டியில் போகிறவருக்கு இந்த விதி பிழைப்போடு ஒட்டியது.

'இப்போது வாங்கு, பிறகு கட்டு' திட்டங்களையும் கடன் வசூலிப்பவர்களையும் ஒழுங்குபடுத்தும் பயனீட்டாளர் கடன் மசோதாவை 2025 ஜூலையில் மக்களவை நிறைவேற்றியது. கடனில் சிக்கியவர்களுக்கு, மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏகேபிகே என்ற நிறுவனம் கட்டணமின்றி ஆலோசனை தருகிறது. அங்கே போகும்போது கையில் ஒப்பந்த நகலும் கட்டிய ரசீதுகளும் இருந்தால் பேச்சு எளிது. பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தைப் பத்திரப்படுத்தும் பிஸ்கட் டின்னிலேயே அவற்றுக்கும் இடம் கொடுக்கலாம்.